கியூ தோட்டத்துச் சிற்பங்கள்: இப்போது எவை இருக்கின்றன, எந்த வரிசையில் பார்ப்பது?

பூவரசு:

வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு லண்டன் வருகிறோம். அதில் ஒரு முழு நாள் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு. செடி கொடிகளுக்காகத்தான் திட்டம் போட்டோம். ஆனால் படம் தேடினால் வருவதில் பாதி சிற்பங்கள். குளத்துக்குள் பாம்போடு மல்லுக்கட்டும் ஒரு வெண்கல ஆள், கேடயம் பிடித்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் கல் விலங்குகள், அலுமினியத்தில் ஒரு பெரிய தேன்கூடு, நீலக் கண்ணாடி முட்களால் ஆன நட்சத்திரம், புல்வெளியில் சாய்ந்து கிடக்கும் பிரம்மாண்டமான உருவம், கோபுரத்தின் மூலைக்கு மூலை டிராகன்.

இவற்றில் எவையெல்லாம் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன? எந்த வாயிலில் நுழைந்து எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்? கூட வருபவர்கள் 9 வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. படம் எடுக்க எது காலை, எது மாலை? இன்னொன்று: அந்தக் கல் விலங்குகளில் ஒன்றை "யேல்" என்று எழுதியிருந்தார்கள். நம் கோயில் தூண்களில் இருக்கும் யாளிதானா அது?

தேம்ஸ்கரை:

முதலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைத் தெளிவாக்கிவிடலாம். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

நீங்கள் பார்த்த நீலக் கண்ணாடி நட்சத்திரம் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலியுடையது. 2019 கண்காட்சிக்காக வைத்தார்கள், முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். 2005இலும் அவருடைய கண்காட்சி ஒன்று கியூவில் நடந்தது. இரண்டு வருடங்களின் படங்களும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. புல்வெளியில் சாய்ந்து கிடக்கும் உருவம் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூருடைய பாணி. 2007 செப்டம்பரிலிருந்து 2008 மார்ச் வரை அவருடைய 28 சிற்பங்கள் தோட்டம் முழுக்கப் பரவி நின்றன. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்தக் காலத்துப் படமாக இருக்கும். 2012, 2013இல் டேவிட் நாஷ் மரச் சிற்பங்கள் வைத்திருந்தார். இப்படி வந்து போகும் கண்காட்சிகள் கியூவுக்குப் புதிதல்ல. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து ஆசை வந்தால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். நீங்கள் வரும் வாரத்தில் என்ன கண்காட்சி என்பதைத் தோட்டத்தின் தளத்தில் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பார்த்தால் போதும்.

நிரந்தரமாக இருப்பவை என்று நம்பி வரலாம்: குளத்து ஹெர்குலிஸ் (நீங்கள் சொன்ன பாம்போடு மல்லுக்கட்டும் ஆள், கிரேக்கக் கதைகளின் பலசாலி), பனை மாளிகை என்ற பெரிய கண்ணாடி மாளிகை முன்னால் பத்து கல் விலங்குகள், குளக்கரையில் ஒரு ஜோடி சீனச் சிங்கங்கள், அலுமினியத் தேன்கூடு, பகோடா என்ற சீனப் பாணி அடுக்குக் கோபுரத்தின் டிராகன்கள், ஜப்பானிய வாயில், வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகைப் பக்கம் பவுலோட்ஸியின் வெண்கலம். பிரிட்டிஷ் நூலக முற்றத்தில் குனிந்து அளந்துகொண்டிருக்கும் நியூட்டனைச் செய்த அதே பவுலோட்ஸிதான். இவை தவிர ஹாமோ தோர்னிக்ராஃப்ட் செய்த "விதைப்பவன்" ஒன்று உண்டு. 1929இல் தோட்டத்துக்கு வந்த வெண்கலம், அடிபீடம் புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் வரைந்தது. கையை வீசி விதை தூவும் ஓர் உழவன். பெரிய பெயர்களின் நடுவே பலரும் தவறவிடுவது இதைத்தான். நுழையும்போது வாயிலில் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி: கியூ கார்டன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் விக்டோரியா வாயில். உள்ளே போனதும் குளம். குளத்தில் ஹெர்குலிஸ், அக்கரையில் பனை மாளிகை, அதன் முன் மேடையில் விலங்குகள். இந்த மூன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். பிறகு மாளிகையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் நேர்கோட்டில் ஒரு நெடும் புல்வழி, அதன் கோடியில் பகோடா. வழியிலேயே மிதவெப்பக் கண்ணாடி மாளிகை வரும். பகோடாவுக்குப் பக்கத்தில் ஜப்பானிய வாயில். அங்கிருந்து வடக்கே ஏரி, ஏரியைக் கடந்து கிழக்கே தேன்கூடு, அப்படியே எலிசபெத் வாயிலில் வெளியேறலாம். எல்லாம் சேர்ந்து நாலு கிலோமீட்டருக்குக் குறையாது. தோட்டமே சுமார் 130 ஹெக்டேர். "எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்" என்று ஓடினால் மூன்று மணிக்குள் கால் ஓய்ந்துவிடும், கடைசியில் இருக்கும் தேன்கூட்டில் யாருக்கும் உற்சாகம் மிஞ்சாது.

அம்மாவுக்கு முடியாதென்றால் பகோடாவையும் ஜப்பானிய வாயிலையும் விட்டுவிட்டு, குளம், விலங்குகள், தேன்கூடு, பவுலோட்ஸி என்று வடக்குப் பாதியோடு நிறுத்துங்கள். நடை பாதியாகக் குறையும்.

ஏரியைக் கடக்கும் நடைபாலத்தை வெறும் பாலம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஜான் பாசன் வடிவமைத்தது, 2006இல் திறந்தார்கள். கருங்கல் தளம், இரு பக்கமும் 990 வெண்கலச் சட்டங்கள். தொலைவிலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது சட்டங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரே வெண்கலச் சுவராகத் தெரியும். பாலத்தின் மேல் நின்று நேராகப் பார்த்தால் இடைவெளி திறந்து தண்ணீர் முழுக்கத் தெரியும். நடக்க நடக்கச் சுவர் கரைந்துகொண்டே வரும். அதற்காகவே மெதுவாக நடக்க வேண்டிய பாலம்.

உளிச்சத்தம்:

யேல் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். யாளிக்கும் யேலுக்கும் உறவில்லை, பெயர் ஒலிப்பு மட்டும்தான் ஒட்டுகிறது. யேலின் மூலம் ரோமானிய எழுத்தாளர் பிளினி சொன்ன "ஈலே" என்ற விலங்கு: நீர்யானை அளவு உடம்பு, யானை வால், காட்டுப்பன்றித் தாடை, இவற்றோடு இஷ்டப்படி திருப்பிக்கொள்ளும் இரண்டு கொம்புகள். சண்டையில் ஒரு கொம்பை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்துக்கொள்ளுமாம். இங்கிலாந்து அரச சின்னங்களில் அது ஆடு, மான் சாயலுக்கு மெலிந்துவிட்டது. ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் பொஃபோர்ட் வழியாக டியூடர் வம்சத்துக்கு வந்த சின்னம். சிலையில் அடையாளம் காண கொம்பையும் தந்தத்தையும் பாருங்கள். பிடித்திருக்கும் கேடயத்தில் இரும்புச் சட்டக் கதவு ஒன்று செதுக்கியிருக்கும்.

அந்தப் பத்தும் வந்த கதை: 1953 ஜூன் 2ஆம் தேதி இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மேற்கு முகப்பில் நிறுத்துவதற்காக ஜேம்ஸ் உட்ஃபோர்ட் பிளாஸ்டரில் பத்து விலங்குகள் செய்தார். ஒவ்வொன்றும் சுமார் 6 அடி உயரம். பிளாஸ்டர் மழை வெயிலுக்குத் தாங்காது. அந்த மூலங்கள் இன்று கனடாவின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கியூவில் இருப்பவை அதே உட்ஃபோர்ட் போர்ட்லண்ட் கல்லில் திரும்பச் செய்தவை. 1956இல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்த பணம்.

நம் ஊர்க் கண்ணுக்கு இந்தக் கல் புதிது. நாம் பழகியது கருங்கல். போர்ட்லண்ட் கல் தெற்கு இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் வெட்டும் சுண்ணாம்புக் கல், லண்டன் செயின்ட் பால் பேராலயமும் இதே கல்தான். உளிக்கு வளைந்து கொடுக்கும், விளிம்பு கூர்மையாக நிற்கும், ஆனால் மழைநீர் மிக மெல்ல மெல்லக் கரைக்கும். அதன் விளைவை நீங்களே பார்க்கலாம். மழை நேரடியாக அடிக்கும் இடங்கள், அதாவது தலை உச்சி, தோள், கேடயத்தின் மேல் விளிம்பு எல்லாம் வெளுத்துச் சுத்தமாக இருக்கும். மழை எட்டாத இடங்கள், தாடைக்கு அடி, சிறகுக்கு உள்பக்கம், கால் இடுக்கு, இங்கெல்லாம் கருமை படியும். நகரத்துக் காற்றின் கந்தகமும் கல்லின் சுண்ணாம்பும் சேர்ந்து ஜிப்சமாகி, அதில் புகைக்கரி ஒட்டிக்கொள்வதால் வரும் படலம் அது. அழுக்கு என்று தேய்த்து எடுத்தால் கூடவே கல்லின் மேல்தோலும் போய்விடும். அதனால்தான் பழைய கல் வேலைகளில் கருமையை முழுக்க எடுக்காமல் விடுவார்கள்.

இன்னும் ஒரு சாண் தூரத்துக்குக் கிட்டே போய், தொடாமல், கல்லின் மேற்பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். போர்ட்லண்ட் கல்லில் சிப்பித் துண்டுகள் புதைந்திருப்பது வழக்கம். சுற்றியுள்ள மென்மையான சுண்ணாம்பு கரைந்து போக, கடினமான சிப்பி நகக்கீறல் போல மேலே துருத்தி நிற்கும். கிட்டத்தட்ட 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்த சிப்பி. தாவரத் தோட்டத்துக்குப் போய் அரச சின்னத்தின் முழங்காலில் ஒரு கடல் சிப்பியைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

கேடயத்தையும் வெறும் அலங்காரமாக எண்ண வேண்டாம். கல்லுக்கு அழுத்தம் தாங்கும் வலு உண்டு, இழுவை தாங்காது. முன்காலைக் காற்றில் நீட்டினால் ஒரு நாள் முறிந்து விழும். உட்ஃபோர்டின் நாலுகால் விலங்குகள் எல்லாம் பின்னங்காலில் அமர்ந்து முன்னங்காலைக் கேடயத்தின் மேல் வைத்திருக்கின்றன. கேடயம் கீழே பீடத்தில் ஊன்றியிருக்கிறது. ஆக முன்கால், கேடயம், பீடம் மூன்றும் ஒரே கட்டாக இறுகி நிற்கின்றன.

இதைப் பார்த்த கையோடு திரும்பிக் குளத்து ஹெர்குலிஸைப் பாருங்கள். ஒரு கையில் பாம்பின் கழுத்து, மற்றக் கையில் ஓங்கிய கதை. ஓங்கிய அந்தக் கைக்குக் கீழே எந்த முட்டும் கிடையாது. கல்லில் இதை இப்படி விட யாரும் துணிய மாட்டார்கள். வெண்கலம் இழுவை தாங்கும், அதுவும் உள்ளே கூடாக வார்த்தது என்பதால் கையின் எடை குறைவு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வார்க்கும் விக்கிரகம் கனவார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம். ஐரோப்பியப் பெரிய சிலைகளில் நடுவே மண் கரு வைத்துச் சுற்றிலும் மெல்லிய உலோகச் சுவர் மட்டும் வார்ப்பார்கள். பிரெஞ்சுச் சிற்பி பொசியோவின் படைப்பு இது. நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக 1826இல் வார்த்தது, 1963இல்தான் கியூவுக்கு வந்தது. பாம்பாக உருமாறியிருப்பது அக்கிலோயஸ் என்ற ஆற்றுத் தெய்வம். ஆற்றுத் தெய்வத்தோடு நடக்கும் சண்டையைத் தண்ணீர் நடுவிலேயே நிறுத்திய இடத்தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு சிக்கல்: தண்ணீருக்குள் இருப்பதால் கிட்டே போக முடியாது. 8 மடங்கு பைனாகுலர் ஒன்று எடுத்து வாருங்கள். பச்சை ஓட்டம் எங்கே, கருமை எங்கே என்று அதில் தெரியும். மழைநீர் வழியும் கோடுகளில் செம்புச் சத்து பச்சை உப்பாக மாறி வரி வரியாக இறங்கும், ஒதுங்கிய குழிகளில் கரும்பழுப்பு தங்கும். இதைத் தடுக்க வெளிப்புற வெண்கலங்களைச் சாந்தமான சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, சூடாக்கிய பரப்பில் மெழுகு பூசுவது பொதுவான முறை. மெழுகு தேய்ந்த பிறகு திரும்பப் பூசாமல் விட்டால் பச்சை சீராகப் படராது, திட்டுத் திட்டாகப் பிடித்து அந்த இடங்களில் குழி விழும். கை எட்டும் சிலைகளில் எதிர்மாறான கேடு: ஊரார் தடவித் தடவி மூக்கும் முழங்காலும் பித்தளை மாதிரி மின்ன ஆரம்பிக்கும். தயவு செய்து குழந்தைக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நல்லூரான்:

பூவரசு, அம்மாவுக்கு எண்டு யோசிக்க வேண்டாம். தோட்டத்திலயே சக்கர நாற்காலி இலவசமாகத் தருவினம். வார இறுதியில கெதியா முடிஞ்சு போகும், முன்கூட்டியே சொல்லி வைச்சால் நல்லது. பெரிய பாதைகள் எல்லாம் தார் போட்டது, தள்ளுறது சுகம். சிரமம் புல்வழியிலதான். பகோடாவுக்குப் போற அந்த நீளமான புல்வழியில மழை பெய்த மறுநாள் சில்லு புதையும், பக்கத்துப் பாதையால தள்ளிக்கொண்டு போங்கோ. தேன்கூட்டுக்குச் சாய்தளம் இருக்கு, படி ஏறத் தேவையில்லை. பகோடாவுக்குள்ள 253 படி, மின்தூக்கி கிடையாது, உள்ள விடுறதும் எல்லா நாளும் இல்லை. ஆனா டிராகன்களைப் பார்க்கிறதுக்கு உள்ள போகவே தேவையில்லை, எல்லாம் வெளியிலதான் இருக்கினம்.

பிள்ளைக்கு இந்த டிராகன் விசயம் நல்லாப் பிடிக்கும். பகோடா 1762இல வில்லியம் சேம்பர்ஸ் கட்டினது, 50 மீற்றருக்குக் கிட்ட உயரம். பத்துத் தட்டு, ஒவ்வொரு கூரைக்கும் எட்டு மூலை, மூலைக்கு ஒண்டு. பெருக்கச் சொல்லுங்கோ, 80. (சீனத்தில பகோடா ஒற்றைப்படைத் தட்டிலதான் கட்டுறது வழக்கம். சேம்பர்ஸ் பத்தாக்கிப் போட்டார்.) முதல் செய்த மர டிராகன்களை 1784இல கூரை திருத்தேக்க இறக்கினவை, பிறகு ஏத்தவே இல்லை. பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின்ர கடனை அடைக்க வித்துப்போட்டினம் எண்டு ஊர்க்கதை. மரம் உக்கிப் போயிருக்கும் எண்டதுதான் பொருத்தமான காரணம். இங்கத்தைய ஈரத்துக்குக் கூரை விளிம்பில நிக்கிற மரம் இருபது வருசம் தாக்குப் பிடிக்கிறதே பெரிய காரியம்.

இருநூறு வருசத்துக்கு மேல மொட்டையாக நிண்ட கோபுரத்துக்கு 2018இலதான் திரும்ப 80 டிராகனும் வந்தது. ஆகக் கீழ்க் கூரையில இருக்கிற எட்டும் சீடர் (தேவதாரு) மரத்தில கையால செதுக்கினது. மேல இருக்கிற 72உம் நைலோன் தூளை லேசரால உருக்கி அடுக்கடுக்கா அச்சடிச்ச முப்பரிமாண அச்சு. எல்லாத்தையும் மரத்திலயே செய்திருந்தால் பழைய கூரைக்குப் பாரம் கூடியிருக்கும். அச்சில உள்ளுக்குக் கோறையா விடலாம், அதால எடை குறைவு. கீழ எட்டில உளி பட்ட இடம் ஒரே மாதிரி இராது, செதிலுக்குச் செதில் கொஞ்சம் மாறும். பைனாகுலரைப் பிள்ளையிட்டக் குடுத்து, கீழ இருக்கிற ஒண்டையும் மூண்டாம் தட்டில இருக்கிற ஒண்டையும் மாறி மாறிப் பாக்கச் சொல்லுங்கோ. கழுத்தைப் பின்னுக்கு மடக்கி அடியில நிண்டு பாத்தால் மேல் தட்டு தெரியாது, ஒரு அறுபது எழுபது அடி தள்ளி நிக்க வேணும்.

பத்து விலங்கிலயும் ஒரு விளையாட்டு வைக்கலாம். சிங்கம் ரெண்டு இருக்கு: கிரீடம் வைச்சது இங்கிலாந்துச் சிங்கம், கிரீடம் இல்லாதது மோர்டிமர் வெள்ளைச் சிங்கம். திறந்த கால்விலங்குப் பூட்டுக்குள்ள பறவை இருக்கிற கேடயத்தைப் பிடிச்சிருக்கிறது எது? வல்லூறு. வட்டக் கோபுரம் இருக்கிற கேடயம்? கழுகுத் தலையும் சிங்க உடம்பும் உள்ள கிரிஃபின், அந்தக் கோபுரம் விண்ட்சர் கோட்டையின்ர. ரோசாப்பூ இருக்கிற கேடயம் வேட்டை நாயிட்ட. மிச்சம் சிறகுள்ள வேல்ஸ் டிராகன், குதிரை, எருது, ஒற்றைக் கொம்பன், யேல். அரை மணித்தியாலம் போறதே தெரியாது.

ஜப்பானிய வாயிலுக்கு வருவீங்களெண்டால், கீழ நிண்டு கூரையின்ர உள்விளிம்பைப் பாருங்கோ. பூவும் மிருகமுமா மரச் செதுக்கு வேலை எல்லாம் அங்கதான் இருக்கு. 1910இல லண்டனில நடந்த ஜப்பான் பிரிட்டன் கண்காட்சிக்குச் செய்தது, கியோத்தோவில நிஷி ஹொங்கான்ஜி கோயில் வாயிலின்ர அஞ்சில நாலு அளவு. பக்கப் பலகையில ஒரு சீடன் குருவுக்குச் செய்யிற பணிவிடைக் கதை செதுக்கியிருக்கு. முன்னால நிண்டு ஒரு படம் எடுத்துப்போட்டுத் திரும்புற ஆக்களுக்கு அது தெரியாமலே போயிடும்.

பூவரசு:

மூவருக்கும் நன்றி. நாளின் முக்கால்வாசி முடிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம் மட்டும். தேன்கூட்டில் விளக்கு எரிவது போலப் பல படங்கள் இருக்கின்றன. ஜூனில் இரவு 9 மணிக்கு மேல்தான் இருட்டும் என்கிறார்கள், அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது? எங்களிடம் கைபேசி கேமரா மட்டும்தான். வேறு ஏதும் வாங்க வேண்டுமா?

நிழல்வெளிச்சம்:

கைபேசி போதும். நேரத்தைச் சரியாகப் பிடிப்பதுதான் முக்கியம்.

விலங்குகள் வரிசை குளத்தைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி நிற்கிறது. தோட்டம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஜூனில் அந்த நேரம் சூரியன் கிழக்கும் தென்கிழக்கும் சேரும் பக்கம், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகை உயரத்தில். கல்லின் முகத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும், உளிச்சத்தம் சொன்ன சிப்பியும் செதுக்கும் எடுப்பாகத் தெரிவது அப்போதுதான். பகல் 1 மணிக்கு மேல் சூரியன் தெற்கே வந்து மாளிகைக்குப் பின்னால் சாயத் தொடங்கும், முகமெல்லாம் நிழல், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி மாளிகை பளீரென்று. கைபேசி மாளிகை வெளிச்சத்துக்கு அளவெடுத்து விலங்கைக் கருப்பாக்கிவிடும். மாலையில்தான் முடியும் என்றால் திரையில் விலங்கின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள், பின்னணி வெளுத்துப் போனால் போகட்டும்.

ஆகவே திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் குளமும் விலங்குகளும். பனை மாளிகைக்குள் அதற்குப் பிறகு போங்கள். முதலில் மாளிகைக்குள் போய்விட்டு வந்தால் நேரம் போகும், அது மட்டுமல்ல, குளிர்ந்த கைபேசியை அந்த நீராவிக்குள் கொண்டுபோன நொடியில் லென்ஸ் மூடுபனியாகிவிடும். துடைத்தால் திரும்பப் படியும். பத்து நிமிடம் கையில் வைத்துக் கதகதப்பாக்கினால் தானாகத் தெளியும்.

தேன்கூடு பற்றி. வோல்ஃப்காங் பட்ரெஸ் வடிவமைத்தது, 2015 மிலான் உலகக் கண்காட்சியில் பிரிட்டன் அரங்காக நின்றது. கழற்றிக் கொண்டுவந்து 2016 ஜூனில் கியூவில் மறுபடி பூட்டினார்கள். 17 மீட்டர் உயரம், 40 டன், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு நெருக்கமான அலுமினியத் துண்டுகள், 32 அடுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் பனிமூட்டம் போலக் கலங்கலாகத் தெரியும். உள்ளே போனால் கனசதுரத்துக்கு நடுவே உருண்டையாகக் குடைந்த வெற்றிடம், உச்சியில் வானம் தெரியும் ஒரு துளை.

ஆயிரம் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. கியூவிலேயே இருக்கும் ஒரு நிஜத் தேன்கூட்டுக்குள் அதிர்வு உணரி வைத்து, தேனீக்கள் அங்கே என்ன பரபரப்பில் இருக்கின்றனவோ அதற்கேற்ப இங்கே விளக்கு கூடும் குறையும். இசையும் அப்படித்தான், தேனீயின் ரீங்காரத்தோடு ஒத்துப்போகும் மேலைநாட்டு "சி" சுருதியில் அமைத்தது. இங்கேதான் ஒரு முரண். இருட்டு சீக்கிரம் வரும் குளிர்காலத்தில் தேனீக்கள் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தேனீக்கள் மும்முரமாக இருக்கும் ஜூனில் பகல் வெளிச்சம் விளக்கை விழுங்கிவிடும். ஜூனில் வருபவர்கள் விளக்கைத் தேடி ஏமாறுவதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. மேகமூட்டமான நாளாக அமைந்தால், உள்ளே நின்று வானத் துளையைப் பார்க்காமல் பக்கவாட்டில் மரங்கள் இருண்டிருக்கும் திசையைப் பாருங்கள். விளக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கீழ்த்தளத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். பலர் மேலே கண்ணாடித் தளத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீழே ஒரு சிறு மரக்குச்சியைப் பல்லிடையில் கடித்துக்கொண்டு அதன் மறுமுனையைத் துளையில் வைத்தால் தேனீக்களின் அதிர்வு தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் வரும். அதில் ராணித் தேனீக்களின் இரண்டு குரல்கள் உண்டு. முதலில் வெளிவந்த ராணி ஊதுகுழல் மாதிரி நீட்டி ஊதும், இன்னும் அறைக்குள் அடைபட்டிருக்கும் ராணிகள் வாத்து போல விட்டு விட்டுப் பதில் சொல்லும். அம்மாவையும் கேட்க வையுங்கள், காது கொஞ்சம் மந்தமானவர்களில் சிலருக்கும் எலும்பு வழிச் சத்தம் எட்டும். குச்சி காணவில்லை என்றால் பணியாளரிடம் கேளுங்கள்.

படத்துக்கு: கண்ணாடித் தளத்தின் நடுவில் கைபேசியை மல்லாக்கக் கிடத்தி, முன்பக்கக் கேமராவில் 10 நொடி தாமதம் வைத்து விலகிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுத்தால் துளை நடுவில் அமையாமல் அடுக்குகளின் வட்டம் கோணலாகிவிடும், அந்தக் கோணல் படத்தில் உடனே கண்ணில் படும். நாலு பேர் சுற்றி நின்று குனிந்தால் அதுவும் அழகுதான். தளம் ஈரமாக இருந்தால் முதலில் துடையுங்கள், நீர்த்துளி ஒன்று லென்ஸ் மேல் இருந்தாலும் வானம் முழுக்க மங்கிவிடும்.

பட்ரெஸ் கூட்டைச் சுற்றி காட்டுப்பூ வெளி ஒன்று சேர்த்தே போடப்பட்டது, ஜூன் அதற்கு நல்ல மாதம். ஏறும் சாய்தளத்தில் பாதி தூரத்தில் நின்றால், கைக்கெட்டும் உயரத்தில் பூவில் தேனீயும், தலைக்கு மேல் கூடும் ஒரே சட்டகத்தில் வரும். கைபேசியைப் பூவின் மட்டத்துக்கு இறக்கி, பூவைத் தொட்டுக் குவியுங்கள்.

தேம்ஸ்கரை:

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். நிழல்வெளிச்சம் சொன்ன காலைக் கணக்குப்படி போனால் தேன்கூடு நாளின் கடைசியில் விழும், அப்போது கூட்டம் அதிகம். வடக்குப் பாதியோடு நிறுத்தும் திட்டமென்றால் விலங்குகளை முடித்ததும் 11 மணிக்குத் தேன்கூட்டுக்குப் போய்விட்டு, பனை மாளிகையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாளிகைக்குள் மதிய வெளிச்சம் கெடுதல் செய்யாது. பகோடா வரை போவதென்றால் பழைய வரிசையே சரி, திரும்பும் வழியில் நடைபாலத்தை 4 மணி வாக்கில் கடப்பீர்கள். வெயில் இருந்தால் சூரியன் இருக்கும் பக்கச் சட்டங்களின் நிழல் கருங்கல் தளத்தில் கோடு கோடாக விழும்.